விடுப்பே எடுக்காத டீச்சர்

"அந்த மூணு வருஷம் என்ன பண்ணீங்க?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அருள்செல்விக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது. சின்னமனூரில் கேட்டார்கள், கம்பத்தில் கேட்டார்கள், பெரியகுளத்தில் ஒரு பள்ளியில் டீ கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார்கள். கணிதத்தில் பட்டம், அதற்கு மேல் பி.எட்., இரண்டிலும் முதல் வகுப்பு. சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். "குழந்தை பிறந்துச்சு சார். ஏழு மாசத்துலயே பிறந்த பிள்ளை. கூட இருந்து பாத்துக்கிட்டேன்" என்பாள். "அதாவது, சும்மா இருந்தீங்க" என்று அவர்களாகவே முடித்துவிடுவார்கள்.

சும்மாவாம் சும்மா! கையளவு இருந்த பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து தேனி பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்ப் போய் வந்தவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? மூன்று வயது வரைக்கும் வாயே திறக்காத பிள்ளை அமலி. புளியங்கொட்டைகளைத் தரையில் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு கொட்டைக்கும் உதட்டைக் குவித்துக் காட்டி எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் பிள்ளை மூன்றாவது கொட்டையைத் தொட்டு "மூணு" என்றது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடப் பார்க்காமல் அருள்செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அமலி பேசிய முதல் வார்த்தை அதுதான். "அம்மா" அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கொட்டைகள் மூன்றும் இன்றைக்கும் அவள் மணிபர்ஸின் ஜிப்புக்குள் கிடக்கின்றன. இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடம் கேட்டது?

அமலிக்கு இப்போது ஏழு வயது. அவளுக்குப் பேச்சு வந்த பிறகு அருள்செல்வி வீட்டிலேயே தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள், அதுகளுக்கு அவள் அக்காதான், மிஸ் இல்லை. பேசுவாள், ஆனால் முதல் எழுத்தில் திக்கி நின்று நின்று பேசுவாள். உள்ளூரில் அவள் படிக்கிற பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார்கள். தேனியில் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய பள்ளி இருக்கிறது. திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கென்றே அங்கே தனியாக ஒரு டீச்சர் உண்டு. அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்காமல் இடம் கொடுப்பார்கள். கணக்கு டீச்சர் வேண்டுமென்று அந்தப் பள்ளி விளம்பரம் கொடுத்ததிலிருந்து அருள்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலை தனக்காகக்கூட இல்லை, அமலிக்கு அந்தப் பள்ளி வேண்டும். வேறு எந்த யோசனையும் அவளுக்குள் இல்லை.

அதனால்தான் விஜய்பாண்டியின் கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் என்று எல்லாம் செய்கிற கடை. அவள் எழுதிக்கொண்டுபோன தாளை அவன் ஒரு பார்வை பார்த்தான்.

"அக்கா, இது பயோடேட்டா மாதிரியா இருக்கு? ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணுன மாதிரியில்ல இருக்கு."

"உள்ளதத்தானப்பா எழுதணும்."

"உள்ளத எழுதித்தான் நாலு எடத்துல திருப்பி அனுப்பிட்டாகளே. இங்க பாருங்க. எடுத்ததும் படிப்பு, அடுத்தது அனுபவம். எத்தனை பிள்ளைகளுக்கு எடுத்தீங்க, எத்தனை பேரு பாஸு, புதுசா என்ன செஞ்சீங்க. இதான் கண்ணுல படணும். வெத்து எடம் மட்டும் விடவே கூடாது. வெத்து எடத்தப் பாத்தாகன்னா அதுல அவுக இஷ்டத்துக்கு எதையாவது நெனச்சு நெரப்பிக்கிருவாக."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. கணினியில் எதையோ தேடித் திறந்தான். அனுமந்தன்பட்டியில் முத்துச்சுடர் நர்சரி பிரைமரி பள்ளி என்று ஒன்று இருந்தது. கொரோனா வந்த வருஷம் மூடியதுதான், பிறகு திறக்கவில்லை. தாளாளரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்களுடைய பரீட்சை அட்டை, அழைப்பிதழ் எல்லாம் இவன்தான் அடித்துக்கொடுத்தவன். லெட்டர்பேடு அவனிடம் பத்திரமாக இருந்தது.

"கேக்க ஆளில்லாத எடமாப் பாத்துத்தான் அனுபவம் போடணும்க்கா. மூணு வருஷம் நாலாப்பு டீச்சர். நம்ம பக்கம் பாதிப் பேரு இப்படித்தான் வேலைக்குப் போயிருக்காக."

அதுவும் நிஜம்தான். இந்தப் பள்ளத்தாக்கில் மூடிப்போன பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களையெல்லாம் கூட்டிவந்து நிறுத்தினால், அந்தப் பள்ளிக்கூடங்களில் நிற்க இடம் இருக்காது. செத்துப்போன தாளாளர்கள் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊரே செய்கிறது, நான் செய்தால் மட்டும் வானம் இடிந்து விழுந்துவிடுமா என்று அருள்செல்வி நினைத்தாள். "சரி, போடு" என்றாள்.

"பிள்ளைக?"

"ஒண்ணு. பொம்பளப் பிள்ளை."

விஜய்பாண்டி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "அதையும் இல்லைன்னு போட்ருவோம்க்கா. சின்னப் பிள்ளை இருக்குன்னா லீவு போடுவாகன்னு யோசிப்பாக. மூணு வருஷம் எடவிடாம வேல பாத்தேன்னு வேற போடுறோம், நடுவுல பிள்ளை எப்பப் பெத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? வேலையில சேந்து ஒரு மாசம் கழிச்சு மெதுவாச் சொல்லிக்கங்க."

அருள்செல்வி மணிபர்ஸின் ஜிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்குத்தான் வாய் வரும்? ஆனால் அந்தப் பிள்ளைக்காகத்தானே இதெல்லாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் தட்டினான். அனுபவச் சான்றிதழில் அவனாகவே ஒரு வரியைச் சேர்த்தான்: பணிக்காலம் முழுவதும் இவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

தாள் சூடாக வெளியே வந்தது. அமலி மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்தின நாள் பிறந்தவள். இந்தத் தாளின்படி அன்றைக்கும் தான் அனுமந்தன்பட்டியில் கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறோம் என்று அருள்செல்விக்குத் தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரத்துக்குள் தேனியிலிருந்து போன் வந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தோடு காய்கறி வாங்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ "மிஸ்" என்றார்கள். திரும்பிப் பார்த்தால், மேல்நிலைப் பள்ளிச் சீருடையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்.

"என்னையத் தெரியலையா மிஸ்? ராஜாத்தி. முத்துச்சுடர் ஸ்கூல்ல நாலாப்பு, மொத பெஞ்சு."

"வேற யாரையோ நெனச்சுக்கிட்டு என்கிட்டப் பேசுறம்மா."

"உங்களப் போயி மறப்பேனா? பச்சைக் குடைய வெயில்ல நட்டு வச்சு நெழல அளக்கச் சொல்லிக் குடுத்தீங்களே. எங்கம்மா காட்டு வேலை முடிஞ்சு வர நேரமாச்சுன்னா, அது வர்ற வரைக்கும் எங்கூடப் படியில உக்காந்திருப்பீங்க. எல்லா டீச்சரும் போனாலும் நீங்க மட்டும் போக மாட்டீங்க."

பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அருள்செல்வி என்ன செய்வாள்? "நல்லாப் படி" என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைக்க வேண்டாம். எத்தனை வருஷமாக இந்த "மிஸ்" என்ற வார்த்தைக்கு ஏங்கிக் கிடந்தவள். யாரையோ நினைத்துக்கொண்டு என்னிடம் பேசிவிட்டுப் போகிறது பாவம் என்று எண்ணிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கினாள். அந்தப் பள்ளியின் பெயரை அந்தப் பெண் எப்படிச் சொன்னாள் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. கையில் பையோடு நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பச்சைக் குடை தொங்கியது. காம்பு தேய்ந்த பழைய குடை. பிடியில் சுண்ணாம்புக் கட்டியின் வெள்ளை ஒட்டியிருந்தது. அவள் வாழ்நாளில் பச்சைக் குடை வாங்கியதில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு நசீமா வந்தாள். தையல்காரி. நேர்முகத்துக்குப் போட்டுக்கொள்ளப் புது ஜாக்கெட் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். வெளியே தெருவில் நசீமாவின் மகள் பாஜிலாவும் அமலியும் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நசீமா குடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னுமா இதத் தூக்கிப் போடாம வச்சிருக்க? தெனமும் காலையில இதையும் சோத்து டப்பாவையும் தூக்கிக்கிட்டு அனுமந்தன்பட்டிக்கு ஓடுவியே."

பயோடேட்டா விஷயத்தை அருள்செல்வி யாரிடமும் மூச்சுவிடவில்லை. மலைமேல் வண்டன்மேட்டில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கிற கணவன் அருண் ஜோசப்பிடம்கூடச் சொல்லவில்லை. அவன் சனிக்கிழமை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

"நசீமா, விளையாடாத. நான் எப்ப அங்கன போனேன்? அந்த வருஷமெல்லாம் நான் பிள்ளைய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கில்ல அலஞ்சேன். எனக்கு வலி எடுத்தப்ப ஆட்டோவுல கூட வந்தது நீ. அமலிய மொதல்ல கையில வாங்குனதே நீதான."

நசீமா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். கிண்டல் இல்லை அந்தப் பார்வையில், இரக்கம்தான் இருந்தது.

"எந்த அமலி? அந்தா வெளையாடுதே, உன்கிட்ட டியூஷன் வர்ற பிள்ளை, அதச் சொல்றியா?"

"அது என் பிள்ளை, நசீமா."

"உன் பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்க, தெரியாதா எனக்கு. யாரு வீட்டுப் பிள்ளை அது? நல்லாத் தெரிஞ்ச வீடுதான், சட்டுனு நெனப்புக்கு வர மாட்டேங்குது" என்று நசீமா நெற்றியைத் தேய்த்தாள். பிறகு அருள்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மனசப் போட்டு அலட்டிக்காத. எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரும். உனக்கும் ஒண்ணு பிறக்கும்."

அவள் போன பிறகு அருள்செல்வி அமலியை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் உச்சியில் வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. "நான் யாரு?" என்று கேட்டாள். அமலிக்கு அது விளையாட்டாக இருந்தது. "அ... அம்மா" என்றாள். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னாள். பிள்ளை அலுத்துப்போய் இறங்கி ஓடுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். உலகமே பைத்தியமாகிப் போகட்டும், பிள்ளைக்குத் தெரிந்தால் போதும் என்று அன்றைக்குத் தூங்கினாள்.

வியாழக்கிழமை விடிந்தது. குளித்துவிட்டுப் புடவை கொசுவத்தைச் செருகும்போது விரல் வழக்கம்போல் அடிவயிற்றைத் தொட்டது. அங்கே ஆபரேஷன் தழும்பு இருக்கும். அமலியை வெளியே எடுத்த இடம். மழைக்காலத்தில் இன்னும் சுரீர் என்று இழுக்கும். விரல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போனது. தழும்பு இல்லை. தோல் வழுவழுவென்று, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். வெளிச்சத்தில் வந்து பார்த்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாராவது பொய் சொல்லலாம், ஊரே கூடிக்கூடப் பொய் சொல்லலாம். சொந்த வயிறு சொல்லுமா?

தெருவிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. பள்ளி வேன். அமலி தானாகவே ஷூ மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அருள்செல்வி ஓடிவந்து குனிந்தபோது பிள்ளை வழக்கம்போல் கன்னத்தை நீட்டவில்லை. மரியாதையாக ஒரு அடி தள்ளி நின்று கையை ஆட்டியது.

"டாட்டா மிஸ்."

திக்கவே இல்லை. அருள்செல்வி "அமலி" என்று கூப்பிடுவதற்குள் வேன் தெருமுனை திரும்பிவிட்டது.

முதலில் விஜய்பாண்டிக்குப் போன் போட்டாள். "அந்த அனுபவத்த அழிச்சுரு. பிள்ளை உண்டுன்னு மாத்து. இப்பவே மாத்து" என்றாள். அவன் தூக்கக் கலக்கத்தில் சிரித்தான்.

"எதுக்குக்கா அழிக்கணும்? நீங்க அங்கன வேல பாத்தது பொய்யா? உங்க கிளாஸ் பரீட்சை அட்டையெல்லாம் நான்தான அடிச்சுக் குடுத்தேன். மார்க்கு தப்பா அடிச்சதுக்கு என்னையக் கடையில வந்து திட்டுனீங்களே, மறந்துட்டீங்களா?"

அதைவிடப் பயங்கரம் ஒன்று நடந்தது. அவன் சொல்லச் சொல்ல அவளுக்கே அது லேசாக ஞாபகம் வந்தது. கையில் பரீட்சை அட்டைகளோடு தான் அவன் கடைப் படியில் ஏறுவது, மேசையில் அவற்றை வைத்துத் தட்டுவது. அருள்செல்வி அவசரமாக மணிபர்ஸைத் திறந்து ஜிப்பை இழுத்தாள். மூன்று கொட்டைகளும் இருந்தன. அவற்றை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாள் தேனியில் இருக்கிறது, அங்கே போய் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்தால்தான் இது நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும். கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். சாரல் பிடித்திருந்ததால் கை தானாகப் பச்சைக் குடையை எடுத்து வந்திருந்தது என்பதை வீரபாண்டி தாண்டித்தான் கவனித்தாள்.

தேனிப் பள்ளியில் முதல்வரம்மா எழுந்து நின்று வரவேற்றார். எத்தனை இடத்தில் நிற்கவைத்துப் பேசினார்கள், இங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். மேசைமேல் அவளுடைய பயோடேட்டா விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"ரொம்ப நல்ல பயோடேட்டா. நாங்க வழக்கமா டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வோம். உங்களுக்கு அது தேவையில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

"மேடம், அதுல போட்டிருக்கிறது பொய்" என்றாள் அருள்செல்வி. மூச்சு வாங்கியது. "நான் அந்த ஸ்கூல்ல வேலை பாத்ததே இல்லை. அந்த மூணு வருஷமும் நான் வீட்டுல எம் பிள்ளையப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏழு மாசத்துல பிறந்தவ. பேச்சு வரலை. புளியங்கொட்டைய வச்சு எண்ணச் சொல்லிக் குடுத்து, அவ உதட்டைத் தொட்டுப் பாத்து, எந்த எழுத்து வரும் எந்த எழுத்து வராதுன்னு நானாக் கண்டுபிடிச்சு, ஒவ்வொரு வார்த்தையா வாங்குனேன். எனக்கு டீச்சர் வேலைன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான். அத எழுதாம விட்டுட்டேன். அதத்தான் எழுதியிருக்கணும்."

எந்த நேர்முகத்திலும் இப்படி அவள் பேசியதில்லை. முதல்வரம்மா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கனிவாகச் சிரித்தார்.

"பதட்டமா இருக்கீங்க. தண்ணி குடிங்க. உங்களுக்குக் குழந்தை இல்லன்னு இதுல தெளிவா இருக்கே. நாங்க விசாரிக்காம எடுக்கறதில்லம்மா. முத்துச்சுடர் தாளாளர்கிட்ட நேத்து நானே போன்ல பேசினேன்."

"அவுக செத்துப் போயிட்டாக மேடம்."

"நேத்து சாயங்காலம் பேசினேன்" என்றார் முதல்வரம்மா, பொறுமையாக. "லைன் கொஞ்சம் இரைச்சலா இருந்துச்சு. ஆனா உங்களப் பத்தி ரொம்ப நேரம் பேசினாரு. ஒரு நாள்கூட லீவு போடாதவங்க, கடைசிப் பிள்ளையக் கூப்பிட ஆள் வர்ற வரைக்கும் படியிலயே உட்கார்ந்திருப்பாங்கன்னு சொன்னாரு. இன்னும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கு, டீச்சரை வரச் சொல்லுங்கன்னும் சொன்னாரு. அதுதான் எனக்குப் புரியல. வயசானவரு, ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பாரு."

அருள்செல்வி பாய்ந்து அந்தப் பயோடேட்டாவை எடுத்துக் கிழித்தாள். நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள். முதல்வரம்மா அதிர்ந்துபோனாரே தவிரக் கோபப்படவில்லை. "பரவாயில்ல, எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு" என்றார். பிறகு ஒரு உறையை மேசைமேல் தள்ளி வைத்தார். வேலை உத்தரவு. அவள் அதை எடுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அருணுக்குப் போன் கிடைத்தது. காலையிலிருந்து சிக்னல் இல்லாதவன் இப்போது முதல் மணியிலேயே எடுத்தான்.

"அமலிக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்று அழுதாள். "நம்ம அமலிக்கு."

அந்தப் பக்கம் ஏலக்காய் சலிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அருளு, பொண்ணு பிறந்தா அமலின்னு பேரு வைக்கணும்னு நாம பேசி வச்சதுதான். அது எனக்கு மறக்கல" என்றான்.  "பிள்ளை இல்லைங்கிற கவலை எனக்கு மட்டும் இல்லையா? சனிக்கிழம வர்றேன். அழாம வீட்டுக்குப் போ."

அவள் போனைப் பையில் போட்டாள். உத்தமபாளையத்தில் இறங்கியதும் வேன் டிரைவர் முத்துக்குமரன் டீக்கடையில் நிற்பதைப் பார்த்து ஓடினாள். "எம் பிள்ளைய எங்க இறக்கிவிட்ட?" என்று கேட்டாள். அவன் குழப்பத்தோடு கிளாஸைக் கீழே வைத்தான். "உங்க தெருவுல யாரும் ஏறுறதில்லையேக்கா. காலையில ஹாரன் அடிச்சது நாய் குறுக்க வந்ததுக்கு" என்றான்.

வீட்டுக் கொடியில் சின்னச் சீருடை இல்லை. சுவரில் அமலி கிரேயானால் கிறுக்கிய இடம் வெள்ளையாக இருந்தது. டம்ளர் இரண்டுதான் இருந்தது. அருள்செல்வி கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கு என்று அந்தச் செத்த மனுஷன் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தி அனுமந்தன்பட்டிக்குப் போகச் சொன்னாள்.

அந்தப் பள்ளியில் அவள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் ஆட்டோக்காரருக்கு அவள்தான் வழி சொன்னாள். கோயிலைத் தாண்டி இடது பக்கம், ரைஸ் மில்லுக்கு அடுத்த சந்து, இங்கன நிப்பாட்டுங்க என்றாள். சொல்லச் சொல்லத் தன் வாயை நினைத்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

பெயர்ப்பலகையில் வண்ணம் உரிந்து கிடந்தது. கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே ஆளுயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது, வகுப்பறைகளுக்குக் கூரை இல்லை. மழை மேகத்தில் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக இறங்கியிருந்தது. நாலாம் வகுப்பு வாசல் படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஷூக் காலைச் சேர்த்துவைத்து அமலி உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்ததும் பிள்ளை மரியாதையாக எழுந்து நின்றது.

"மிஸ், எல்லாரும் போயிட்டாக. எங்க அம்மா இன்னும் வரல."

தூறல் விழ ஆரம்பித்தது, அருள்செல்வி பச்சைக் குடையை விரித்துக்கொண்டு கிட்டே போனாள். படியில் உட்கார்ந்தாள். பிள்ளையின் தலை நனையாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தாள். உச்சியில் அதே வாசனை. அள்ளி எடுத்து மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று உடம்பு முழுவதும் துடித்தது. ஆனால் யாரோ ஒரு டீச்சர் அப்படிச் செய்தால் பிள்ளை பயந்துவிடும் என்று கையை அடக்கிக்கொண்டாள்.

"உங்க அம்மா பேரு என்னம்மா?"

"அருள்செல்வி."

"எங்க போயிருக்காக?"

"தேனிக்கு. வேலை கேட்டுப் போயிருக்கு" என்றாள் அமலி, ஒரு இடத்திலும் திக்காமல். "வேலை கெடச்சதும் என்னையும் அந்த ஸ்கூல்ல சேத்துவிடும். அங்கன நல்லாப் பேசச் சொல்லிக் குடுப்பாகளாம். அம்மா வர்ற வரைக்கும் நீங்க இருப்பீங்கள்ல மிஸ்?"

"இருப்பேன்" என்றாள் அருள்செல்வி.

மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்தாள்.  இரண்டு பேருக்கும் நடுவில் படியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஒரு கொட்டையை வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்து, உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

அமலி குனிந்து பார்த்தாள். மூன்றாவது கொட்டையை ஒரு விரலால் தொட்டாள். எதையோ யோசிப்பவள் மாதிரி அவள் முகம் சுருங்கியது. 

"மூணு" என்றாள் பிள்ளை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். "எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லிக் குடுக்கும் மிஸ்."

கேட்டுக்கு வெளியே ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பிள்ளை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அன்றைக்கும் முதலில் மூணுதான் வந்தது, அதற்குப் பிறகுதானே அம்மா வந்தது. அருள்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொட்டைகளை அள்ளி எடுத்து, மறுபடியும் ஒன்றிலிருந்து வைக்க ஆரம்பித்தாள்.